மாட்டுக்குப் போட்ட ஊசி, காட்டில் பெருகிய மந்தை

கேள்வி: தான்சானியாவின் செரெங்கெட்டியில் வில்டபீஸ்ட் என்னும் இரலை மான்கள் பல மடங்கு பெருகியதற்கு, காட்டைச் சுற்றியிருந்த மாடுகளுக்குப் போட்ட தடுப்பூசியே காரணம் என்று ஒரு சொற்பொழிவில் கேட்டேன். காட்டு விலங்கிடமிருந்துதான் மாட்டுக்கு நோய் வரும் என்றல்லவா எண்ணியிருந்தேன்?
— வாசகர், தாராபுரம்

பதில்: சொற்பொழிவாளர் சொன்னது சரி. அந்த நோய், நம் ஊர்ப் பெரியவர்கள் பெயரைச் சொல்லவே அஞ்சிய வெக்கை நோய்தான் (ஆங்கிலத்தில் ரிண்டர்பெஸ்ட் என்னும் வைரஸ் நோய்). 1880-களின் பிற்பகுதியில், இறக்குமதியான மாடுகளோடு செங்கடல் கரையிலுள்ள மசாவா வழியாக ஆப்பிரிக்காவின் கொம்புப் பகுதிக்குள் புகுந்த அது, பத்தாண்டுகளுக்குள் கண்டத்தின் தென்முனைவரை சென்று, போகும் வழியிலிருந்த மாடுகளில் மிகப் பெரும்பாலானவற்றையும், அவற்றோடு காட்டெருமை, வில்டபீஸ்ட் முதலிய குளம்பு விலங்குகளையும் அழித்தது. எத்தியோப்பியாவில் உழ மாடின்றிப் பெரும் பஞ்சமே வந்தது. முதல் அலை ஓய்ந்த பின்னும் நோய் போய்விடவில்லை. தாய்ப்பால் தந்த எதிர்ப்பாற்றல் சில மாதங்களில் தீர்ந்ததும் வில்டபீஸ்ட் கன்றுகள் ஆண்டுதோறும் மடிந்துகொண்டே இருந்தன.

கென்யாவின் முகுகா ஆய்வகத்தில் வால்டர் பிளௌரைட் என்னும் கால்நடை மருத்துவ அறிஞர், கன்றின் சிறுநீரகச் செல்களில் வைரஸைத் திரும்பத் திரும்ப வளர்த்து அதன் வீரியத்தைத் தணித்து, மலிவான, நம்பகமான தடுப்பூசி ஒன்றை உருவாக்கினார். செரெங்கெட்டியைச் சுற்றி மேய்ப்பர்கள் வளர்த்த மாடுகளுக்குத் தடுப்பூசி பரவலாகப் போடப்பட்டது. காட்டு விலங்கு எதற்கும் ஊசி போடவில்லை. இருந்தும், 1963-க்குப் பின் பிறந்த வில்டபீஸ்ட்களின் இரத்தத்தில் அந்நோய்க்கான எதிர்ப்புப் பொருளே காணப்படவில்லை. நோய்க்கிருமி அவற்றை எட்டவே இல்லை என்பதுதான் அதன் பொருள். 1960-களின் தொடக்கத்தில் ஏறத்தாழ 2.5 லட்சமாக இருந்த மந்தை, 1970-களின் இறுதிக்குள் 13 லட்சம் என்ற அளவை எட்டியது. வைரஸைத் தொடர்ந்து உயிரோடு வைத்திருந்தவை மாடுகளே. காட்டு விலங்குகள் அதை வாங்கிக்கொண்டு மடிந்தன. பழி நெடுங்காலம் இடம் மாறி விழுந்திருந்தது என்றே நான் கருதுகிறேன். (மந்தை பெருகியதும் புல் மேயப்பட்டு, காட்டுத்தீ குறைந்து, செரெங்கெட்டியில் மரங்களும் கூடின என்பது எதிர்பாராத பின்விளைவு.)

நமக்கும் இதில் பங்குண்டு. 1968-இல் முதுமலையிலும் பந்திப்பூரிலும் காட்டு மாடுகளைப் பெருமளவில் வாரிக்கொண்டு போனதும் வெக்கை நோய்தான். இந்தியாவில் அந்நோய் கடைசியாகப் பதிவானது 1995-இல். உலகிலேயே கடைசியாக அது உறுதிசெய்யப்பட்டது 2001-இல், கென்யாவின் மேரு தேசியப் பூங்காவில், ஒரு காட்டெருமையிடம். 2011-இல் நோய் முற்றாக ஒழிந்ததாக அறிவிக்கப்பட்டது. பெரியம்மைக்கு அடுத்தபடியாக மனித முயற்சியால் உலகை விட்டு நீங்கிய நோய் இது ஒன்றுதான்.

கேள்வி: கஜகஸ்தானில் சைகா மான்கள் சில நாட்களில் லட்சக்கணக்கில் மாண்டதாகப் படித்தேன். அதுவும் மாடுகளிடமிருந்து வந்த நோய்தானா?
— வாசகி, மன்னார்குடி

பதில்: இல்லை. இது முற்றிலும் வேறு கதை. 2015 மே மாதத்தில், கன்று ஈனுவதற்காகப் பெட்பக்தாலா புல்வெளியில் கூடியிருந்த சைகாக்களில் 2 லட்சத்துக்கும் மேற்பட்டவை மூன்று வாரங்களுக்குள் இறந்தன. உலகிலிருந்த சைகாக்களில் பாதிக்கும் மேல் அப்போது போயின. நோய் தொட்ட கூட்டங்களில் ஒன்றுகூடத் தப்பவில்லை என்பது, ஆய்வுக்குச் சென்றவர்களையே திகைக்க வைத்தது. ஏனெனில் ஒரு விலங்கிலிருந்து இன்னொன்றுக்குத் தொற்றிப் பரவும் நோய் இப்படி ஒரே நேரத்தில் எல்லாவற்றையும் வீழ்த்தாது.

உடற்கூறு ஆய்வில் அகப்பட்டது பாஸ்டுரெல்லா மல்டோசிடா என்னும் பாக்டீரியா. நம் மாடுகளுக்கு மழைக்காலத்தில் வரும் தொண்டை அடைப்பானுக்குக் காரணமான அதே இனம். இது வெளியிலிருந்து வந்ததன்று. சைகாவின் டான்சில்களில் தீங்கின்றி முன்பே குடியிருந்ததாகவே ஆய்வாளர்கள் கருதினர். மரணங்களுக்கு முந்தைய நாட்களில் காற்றின் ஈரப்பதமும் வெப்பமும் வழக்கத்துக்கு மாறாக உயர்ந்திருந்தன. 1981, 1988 ஆகிய ஆண்டுகளில் நேர்ந்த பேரிறப்புகளுக்கு முன்பும் வானிலை அவ்வாறே இருந்தது. ஈரமும் வெப்பமும் கூடியபோது கிருமி எப்படிச் சட்டென்று வெறிகொண்டது என்பது இன்னும் முழுதாக அவிழாத முடிச்சு. இத்தகைய நோய்க்கு ஊசி உதவாது, வேலியும் உதவாது. ஒரே வெளியில் எல்லாம் கூடிவிடாதபடி, கூட்டங்கள் பல இடங்களில் பரவி, பெரும் எண்ணிக்கையில் இருப்பதே காப்பு. வேட்டை கடுமையாகத் தடுக்கப்பட்டதாலும், சைகா பெரும்பாலும் இரட்டைக் கன்று ஈனுவதாலும், 2022 கணக்கெடுப்பில் கஜகஸ்தானில் மட்டும் 13 லட்சத்துக்கு மேல் இருந்தன.

மங்கோலியாவில் நடந்ததுதான் உங்கள் ஐயத்துக்குப் பொருந்தும். அங்கே 2016-இல் ஆடுகளிடையே ஆட்டுக்கொல்லி நோய் தோன்றி, அடுத்த சில மாதங்களில் அந்நாட்டுச் சைகாக்களில் பாதிக்கும் மேற்பட்டவற்றைக் கொண்டுபோனது.

கேள்வி: காட்டு விலங்குகளுக்கே நேரடியாகத் தடுப்பூசி போட்டாலென்ன? அல்லது வேலி போட்டுப் பிரித்துவிடலாமே?
— வாசகர், தேனி

பதில்: விரட்டிப் பிடிக்கப்படும் மான், அச்சத்தாலும் ஓட்டத்தாலும் தசைகள் சிதைந்து, சில நாட்களில் தானாகவே இறந்துவிடுவதுண்டு, ஊசி நோயைவிடக் கொடியதாகிவிடும். காட்டுப்பன்றிக்கு வழியுண்டு. கண்டதைத் தின்னும் அதன் இயல்பைப் பயன்படுத்தி, ஜெர்மனியில் பன்றிக் காய்ச்சலுக்கான (மனிதரைத் தொற்றும் பன்றிக் காய்ச்சல் அன்று, பன்றிகளுக்கு மட்டும் வருவது) தடுப்பு மருந்தை உணவுருண்டைக்குள் வைத்துக் காடெங்கும் இட்டனர், பலனும் கிட்டியது. அலைந்து மேயும் மந்தைக்கு அந்த உபாயம் செல்லாது.

வேலியைப் பொறுத்தவரை, கோமாரி நோய்க் கிருமியை நோயின்றிச் சுமக்கும் ஆப்பிரிக்கக் காட்டெருமையை மாட்டிடமிருந்து பிரித்து வைப்பதற்கு அது பயன்படத்தான் செய்கிறது. ஆனால் போட்ஸ்வானாவில் 1958-இல் கோமாரிக்காகக் கட்டப்பட்ட கூக்கே வேலி, கலஹாரி வில்டபீஸ்ட்கள் வறட்சிக் காலத்தில் வடக்கே நீர் தேடிச் செல்லும் வழியையும் அடைத்துவிட்டது. 1980-களின் வறட்சியில் நீரை எட்ட முடியாமல் அவை பல்லாயிரக்கணக்கில் மாண்டன.