அடுத்த முடோம்போ யார்?

கேள்வி: அமெரிக்கக் கூடைப்பந்து லீக்கான என்பிஏவின் அணிகள் புதிய வீரர்களைத் தேர்ந்தெடுக்கும் டிராஃப்ட் அன்று பேரனோடு நானும் விடியற்காலை 2 மணிக்கே எழுந்து டிவி முன்னால் உட்கார்ந்துவிடுவேன். 2025 டிராஃப்டில் வந்த கமான் மாலுவாக்கின் திறமையை எடைபோடும் ஸ்கௌட்டிங் ரிப்போர்ட்டைப் படித்துவிட்டு, "தாத்தா, இவர்தான் அடுத்த முடோம்போ" என்கிறான் அவன். எனக்கு ஒலாஜுவான் மாதிரி தெரிகிறது. யார் சொல்வது சரி?
– வாசகர், சாட்ஸ்வொர்த், டர்பன்

பதில்: இரண்டும் சரியில்லை ஐயா. உங்கள் இருவருக்கும் இந்த இரண்டு பழைய ஜாம்பவான்களின் பெயர்கள் மட்டும் ஏன் தோன்றின என்று யோசித்துப் பாருங்கள். மூவரும் ஆப்பிரிக்காவில் பிறந்தவர்கள், ஏழடி ஆட்கள். அவ்வளவுதான். பிள்ளை பிறந்த வீட்டில் "மூக்கு அப்படியே பாட்டன் மூக்கு" என்பார்களே, அந்தக் கணக்கு இது. பிள்ளை என்னவாக வளரும் என்று மூக்கு சொல்லாது.

இப்படிப் பார்த்து ஏமாந்த கதை ஒன்று உண்டு. எதிரணி எறியும் பந்தைத் தட்டித் தடுப்பதில் பேர் போன முடோம்போ 18 பருவங்கள் ஆடி முடித்து 2009இல் ஓய்வு பெற்றார். அதே ஆண்டு டிராஃப்டில் தான்சானியாவின் ஹஷீம் தபீட், 7 அடி 3 அங்குலம். கல்லூரியில் ஆட்டத்துக்கு 4 பிளாக்குக்கு, அதாவது அப்படித் தடுத்த பந்துகளுக்கு, மேல். இன்னொரு முடோம்போ கிடைத்துவிட்டார் என்று பேச்சு. மெம்ஃபிஸ் அணி அவரை 2ஆவதாக எடுத்தது. பந்து கையில் வந்தால் அவரால் அதிகம் செய்ய முடியவில்லை என்பதும் அன்றைக்கே தெரிந்ததுதான். முதல் பருவத்திலேயே கீழ் லீக்குக்கு அனுப்பினார்கள், ஐந்து பருவங்களில் என்பிஏ வாழ்க்கை முடிந்தது. அந்த டிராஃப்டில் 3ஆவது ஜேம்ஸ் ஹார்டன், 7ஆவது ஸ்டெஃபன் கரி! தபீட்டின் மேல் எனக்குக் கோபமே கிடையாது. ஒரு இளைஞனின் தோளில் இன்னொருவருடைய பெயரைச் சுமத்தினார்களே, அதுதான் வலிக்கிறது.

மாலுவாக்குக்கு வருவோம். தெற்கு சூடானில் பிறந்து உகாண்டாவில் வளர்ந்தவர். 17 வயதில் பாரிஸ் ஒலிம்பிக்கில் ஆடினார். டிராஃப்டில் 10ஆவதாகத் தேர்வானார். டியூக் கல்லூரியில் அவர் போட்ட புள்ளிகளில் பெரும்பங்கு, மற்றவர்கள் வளையத்துக்கு மேலே தூக்கிப் போட்ட பந்தை அப்படியே உள்ளே திணித்தது. ஒலாஜுவான் முதுகைக் காட்டி நின்று, காலை இப்படியும் அப்படியும் மாற்றி, காவல் நிற்பவரை ஏமாற்றித் தானே புள்ளி எடுப்பவர். எங்கே பொருத்தம்? முடோம்போவும் பொருந்தவில்லை. 2025 கல்லூரி அரையிறுதியில் ஹூஸ்டனுக்கு எதிராக 21 நிமிடம் ஆடிய மாலுவாக், ஒரு ரீபவுண்டு கூட, அதாவது உள்ளே விழாமல் திரும்பும் பந்து ஒன்றைக்கூட, எடுக்கவில்லை. முடோம்போ அதில் கெட்டிக்காரர். ஆனால் யாரும் தடுக்காமல் எறியும் ஃப்ரீ த்ரோவில் மாலுவாக் நூற்றுக்கு 75க்கு மேல். முடோம்போவின் மொத்த என்பிஏ சராசரி 70ஐத் தொடவில்லை. கை பதமாக இருக்கிறது, நாளைக்குத் தூரத்திலிருந்தும் எறிவார் என்பதற்கு நல்ல அடையாளம் இது. முடோம்போ என்று சொன்னவுடன் இந்த நல்ல விஷயம் மறைந்துபோகிறது, பாருங்கள்.

டிராஃப்ட் அன்று யாரும் பெரிதாக நினைக்காதவர்களும் உண்டு. நம் ஜோஹானஸ்பர்க்கில் பிறந்து கனடாவில் வளர்ந்த ஸ்டீவ் நாஷை எடுத்துக்கொள்ளுங்கள். உதவித்தொகை தர முன்வந்தது சாண்டா கிளாரா என்ற ஒரே கல்லூரி. 1996 டிராஃப்டில் 15ஆவது. அப்புறம் 2005, 2006 இரண்டு ஆண்டும் லீக்கின் சிறந்த வீரர். பின்னாளில் அதே விருதை வாங்கிய யோகிச், 2014 டிராஃப்டில் 41ஆவது. அவர் பெயர் வந்த நேரம் டிவியில் விளம்பரம் ஓடிக்கொண்டிருந்தது.

இதை நான் இவ்வளவு அழுத்திச் சொல்ல இன்னொரு காரணமும் உண்டு. உங்கள் பக்கத்துப் பள்ளி மைதானம் ஒன்றில் போன மாதம் ஓர் ஆட்டம் பார்த்தேன். நெட்டையான பையன் ஒருவன், 15 வயது இருக்கும். பந்தைத் தட்டிக்கொண்டு நாலு அடி அழகாக ஓடினான். "நீ வளையத்துக்கடியில் நில்லுடா!" என்று ஓரத்திலிருந்து சத்தம். பையன் பந்தைக் கொடுத்துவிட்டுப் போய் நின்றான். அதற்கப்புறம் ஆட்டம் முடியும்வரை ஒரு தடவை கூட அவன் பந்தைத் தட்டவில்லை.

அடுத்த டிராஃப்டுக்குப் பேரனோடு உட்காரும்போது, ரிப்போர்ட்டின் கடைசியில் 'இன்னாரைப் போல' என்று ஒரு வரி இருக்கும், அதைக் கையால் மறைத்துக்கொள்ளுங்கள். மேலே பலவீனம் என்று போட்டிருப்பதை முதலில் படியுங்கள். அப்புறம் அந்த வீரரின் ஒரு முழு ஆட்டத்தை, கால்களை மட்டும் பார்த்துக்கொண்டு, இரண்டு பேரும் சேர்ந்து பாருங்கள். பேரன் என்ன சொன்னான் என்று எனக்கு எழுதுங்கள்.