பாலி பாணித் தோட்டத்தில் கலாத்தியா இலை ஓரம் கருகுவது

சென்னையில் மேற்கு வெயில் விழும் முற்றத்தில் கலாத்தியா என்னும் அழகு இலைச்செடியின் இலை ஓரம் கருகுகிறது என்பதற்காக, இந்தோனேசியாவின் பாலித் தீவுத் தோட்டப் பாணியைக் கைவிட்டு, சரளைக்கல்லும் கற்றாழையுமாக மாற்ற வேண்டியதில்லை. முதலில் மேலே நிழலை அமையுங்கள்.

அந்தப் பாணியில் உயர்ந்த மரங்களின் கீழ் வாழை போன்ற இலைகளுள்ள பூச்செடியான ஹெலிகோனியாவும், அதற்கும் கீழே கலாத்தியா, பெரணி முதலியவையும் அடுக்கடுக்காக வளர்கின்றன. படங்களில் கண்ணைக் கவர்வது கீழடுக்கும் கற்சிலையும்தான் என்பதால், நிழல் தரும் மரத்தைப் பலர் விட்டுவிடுகிறார்கள். உங்கள் முற்றத்திலும் இதுவே காரணமாக இருக்கக்கூடும்.

ஒரு செடிக்கு மட்டும் 75 சதவீத நிழல்வலை கட்டி, புதிதாக விரியும் இலையைக் கவனியுங்கள். அது பழுதின்றி விரிந்தால், மேற்கு ஓரத்தில் ஒரு புங்கன் நட்டு, அது வளரும்வரை வலையை வைத்திருக்கலாம்.

நிழலிலும் கருகி, மண்மேல் வெண்படலமும் தெரிந்தால், ஆழ்துளைக் கிணற்று நீரின் உப்பைச் சந்தேகிக்க வேண்டும். அதற்கு மரம் தீர்வாகாது, மழைநீரைச் சேமித்து ஊற்றுங்கள்.