காசும் வாங்கிக்கொண்டு ஏன் இத்தனை கெடுபிடி என்று கேட்ட ஆராய்ச்சி மாணவருக்கு

கேள்வி: “உயிரியலில் பிஎச்டி செய்கிறேன். ஃப்ளோ சைட்டோமெட்ரிக்காக வேறொரு நிறுவனத்தின் பொதுக் கருவிக்கூடத்துக்குப் போகவேண்டியிருக்கிறது. மணிக்கணக்கில் கட்டணமும் வாங்குகிறார்கள், ஆயிரம் நிபந்தனையும் போடுகிறார்கள். போனமுறை கண்ட்ரோல் டியூப் கொண்டுவரவில்லை என்று மாதிரியை ஓட்டவே மறுத்துவிட்டார்கள். இதற்குச் சொந்தமாக ஒரு கருவி வாங்கிவிடுவதே மேல் அல்லவா?”

உங்களை மறுத்து அனுப்பியது நானாகவே இருந்திருக்கலாம். பெங்களூரில் ஓர் ஆராய்ச்சி நிறுவனத்தின் பொதுக் கருவிக்கூடத்தில் செல்களை ஒவ்வொன்றாக லேசர் முன் ஓடவிட்டு அவற்றின் ஒளியை அளக்கும் ஃப்ளோ சைட்டோமீட்டரையும், அப்படி அளந்து வேண்டிய செல்களை மட்டும் பிரித்தெடுக்கும் செல் சார்ட்டரையும் பல வருடங்களாக இயக்கி வருகிறேன். உங்கள் கேள்வியில் இருக்கும் “கெடுபிடி” என்ற சொல்லைப் பார்த்துவிட்டுப் பேசாமல் போக மனம் வரவில்லை.

முதலில் ஒன்று. உங்கள் கோபம் எனக்குப் புரியாததில்லை. விடிவதற்குள் எழுந்து, எலியின் மண்ணீரலை எடுத்து, சல்லடையில் தேய்த்து, சிவப்பணுக்களைக் கரைத்து, ஒளிரும் சாயம் ஒட்டிய ஆன்டிபாடி போட்டு, ஐஸ் பெட்டியும் கையுமாக ஓடிவந்திருப்பீர்கள். வழிகாட்டி அடுத்த லேப் மீட்டிங்குக்கு வரைபடம் கேட்டிருப்பார். அந்த நேரத்தில் ஒருத்தி எதிரே நின்று “ஒற்றைச் சாயக் கண்ட்ரோல் எங்கே?” என்று கேட்டால் யாருக்கும் எரிச்சல் வரும். ஆனால் அந்த டியூப் இல்லாமல் ஓட்டியிருந்தால் உங்களுக்குக் கிடைத்திருப்பது அழகான, தப்பான ஒரு படம்.

பச்சையில் ஒளிரும் எஃப்ஐடிசி சாயத்தின் ஒளி 520 நானோமீட்டரை ஒட்டி உச்சத்தைத் தொட்டாலும் அங்கேயே நின்றுவிடுவதில்லை. அதன் வால் நீண்டு, 575 நானோமீட்டர் பக்கம் பிஇ என்ற ஆரஞ்சுச் சாயத்துக்காக வைத்திருக்கும் உணரியிலும் விழும். சாயம் போகும் சேலையை வெள்ளை வேட்டியோடு ஊறவைத்த கதைதான். எவ்வளவு இறங்கியிருக்கிறது என்று தெரிந்தால்தான் அந்த அளவைக் கழிக்கமுடியும். அதைத் தெரிந்துகொள்ள, ஒவ்வொரு சாயத்தையும் தனித்தனியாகப் போட்ட டியூப் வேண்டும், எந்தச் சாயமும் போடாத டியூப் ஒன்றும் வேண்டும். போனமாதம் யாரோ போட்ட கணக்கை உங்கள் மாதிரிக்குப் பொருத்தச் சொல்லி என்னிடம் கெஞ்சுபவர்கள் உண்டு. லேசரின் நிலையும், உணரிகளின் மின்னழுத்தமும், நீங்கள் வாங்கிய ஆன்டிபாடியின் தொகுதியும் மாறியிருக்கும்போது நான் எப்படி ஒப்புக்கொள்வது?

இப்போது ஏன் இவ்வளவு ஆவேசமாக எழுதுகிறேன் என்பதைச் சொல்கிறேன்.

சில வருடங்களுக்கு முன் வேறொரு நிறுவனத்திலிருந்து ஒரு மாணவன் வந்தான். நம் ஊர்ப் பக்கத்துப் பையன், தமிழ் கேட்டதும் “அக்கா” என்று ஒட்டிக்கொண்டான். நோயாளிகளின் ரத்தத்திலிருந்து வெள்ளணுக்களைப் பிரித்து, அவற்றில் டி, பி என்ற இரண்டு வகைகளைத் தெரிந்துகொள்ள, டி செல்லுக்கு சிடி3, பி செல்லுக்கு சிடி19 என்ற புரதங்களில் சாய அடையாளம் போட்டிருந்தான். திரையில் ஒவ்வொரு செல்லும் ஒரு புள்ளி. இடது மேலே ஒரு வகையின் கூட்டம், வலது கீழே மற்றதன் கூட்டம். அப்படித்தான் இருக்கவேண்டும். ஆனால் வலது மேல் மூலையில், இரண்டு அடையாளமும் சேர்ந்து, சின்னதாக ஒரு மேகம் தெரிந்தது. உடனே வழிகாட்டிக்குப் போன் செய்தான். மறுமுனையில் உற்சாகம் எனக்கே கேட்டது. டியாகவும் பியாகவும் ஒரே நேரத்தில் இருக்கும் புதுச் செல் வகை, எல்லாவற்றையும் சார்ட் செய்து எடு, ஆர்என்ஏ வரிசையாக்கத்துக்கு அனுப்பிவிடலாம் என்றார்.

நான் “ஒற்றைச் செல்களை மட்டும் பிரித்துப் பார்த்தாயா?” என்று கேட்டேன். பார்த்திருந்தான், ஆனால் செல்கள் வீணாகக்கூடாது என்று, எந்தப் புள்ளிகளை எடுப்பது என்று திரையில் வரையும் எல்லையைத் தாராளமாக வரைந்திருந்தான். ஒரு செல் லேசரைக் கடக்கும்போது எழும் துடிப்புக்கு உயரமும் பரப்பும் உண்டு. இரண்டையும் அச்சுகளில் வைத்தால் ஒற்றைச் செல்கள் ஒரு சாய்கோட்டில் வரிசையாக நிற்கும். இரண்டு செல்கள் ஒட்டிக்கொண்டு போனால் துடிப்பு அகன்று பரப்பு கூடும், உயரம் அதே விகிதத்தில் கூடாது, புள்ளி கோட்டைவிட்டு விலகும். எல்லையைக் கோட்டை ஒட்டி இறுக்கி வரைந்தேன். மேகத்தில் பெரும்பகுதி கரைந்தது. கொஞ்சம் மிச்சம் இருந்தது. அந்த மிச்சத்தை மட்டும் சார்ட் செய்து, ஒரு கண்ணாடித் தகட்டில் விட்டு, ஒளிர் நுண்ணோக்கி இருக்கும் பக்கத்து அறைக்கு அவனையும் அழைத்துக்கொண்டு போனேன். பச்சையாக ஒரு செல், அதன் விளிம்பை அழுத்திக்கொண்டு ஆரஞ்சு நிறத்தில் இன்னொரு செல். அடுத்ததும் அப்படியே. அதற்கடுத்ததும். அவன் கண்ணை எடுக்காமல் வெகுநேரம் பார்த்துக்கொண்டிருந்தான். ஒன்றும் பேசவில்லை.

பிறகு இரண்டு பேரும் உட்கார்ந்து திட்டம் போட்டோம். செல்களை ஒட்டவிடாமல் தடுக்க அவை மிதக்கும் பஃபர் திரவத்தில் இடிடிஏ என்ற வேதிப்பொருள் சேர்க்கவேண்டும், கருவியில் ஏற்றும் முன் 40 மைக்ரான் வலையில் இன்னொருமுறை வடிகட்டவேண்டும், அடர்த்தியைக் குறைத்து மெதுவாக ஓட்டவேண்டும். அடுத்த முறை வந்தபோது அந்த மூலை காலியாக இருந்தது. வரிசையாக்கத்துக்குக் கட்ட இருந்த பல லட்சம் மிச்சம், ஒரு தப்பான கட்டுரையும் வராமல் போனது.

நடந்தது என்ன தெரியுமா? “ஆபரேட்டர் எங்கள் ஆராய்ச்சியில் தலையிடுகிறார்” என்று அந்த வழிகாட்டி எங்கள் கூடத்தின் தலைவருக்குப் புகார் எழுதினார். என் தலைவர் என் பக்கம் நின்றதால் தப்பித்தேன். அதே மாதிரிகளிலிருந்து வேறொரு நல்ல முடிவு பின்னால் கட்டுரையாக வந்தது. வாசித்தேன். செய்முறைப் பகுதியில் கருவியின் கம்பெனி பெயர், மாடல் எண், மென்பொருளின் பதிப்பு எண் எல்லாம் இருந்தன. எங்கள் கூடத்தின் பெயர் செய்முறையிலும் இல்லை, நன்றியுரையிலும் இல்லை. பையன்மேல் எனக்கு வருத்தமில்லை, அவன் கையில் ஒன்றும் இருந்திருக்காது.

“சம்பளம் வாங்கித்தானே வேலை செய்கிறீர்கள், பெயர் எதற்கு?” என்று கேட்க இங்கே நாலு பேர் வருவார்கள் என்று தெரியும். பேராசிரியர்களும் சம்பளம் வாங்கித்தான் ஆராய்ச்சி செய்கிறார்கள். அமெரிக்காவில் இத்தகைய கூடங்களில் பணிபுரிவோருக்கான ஏபிஆர்எஃப் என்ற சங்கம் இதைத் தெளிவாகவே சொல்லியிருக்கிறது: கட்டணம் செலுத்தியாகிவிட்டது என்பது, அறிவுப் பங்களிப்பு செய்தவரை ஆசிரியர் பட்டியலிலிருந்து விடுவதற்குக் காரணமாகாது. நான் ஆசிரியர் இடம்கூடக் கேட்கவில்லை. நன்றியுரையில் ஒரு வரி போதும். புதிய லேசருக்கோ அடுத்த நிதிக்கோ விண்ணப்பிக்கும்போது, இந்தக் கூடத்தால் எத்தனை கட்டுரைகள் வந்தன என்றுதான் முதலில் கேட்கிறார்கள். பெயர் போடாத கட்டுரையை நாங்கள் எப்படிக் காட்டுவது? என்னைப் போன்ற பலர் வருடாவருடம் புதுப்பிக்கும் ஒப்பந்தத்தில் இருக்கிறோம் என்பதையும் சேர்த்து யோசியுங்கள்.

இனி கட்டணத்துக்கு வருகிறேன். காலையில் நீங்கள் வருவதற்கு முன்பே லேசர்களைச் சூடேற்றி, தரச் சோதனைக்கான நுண்ணிய பிளாஸ்டிக் மணிகளை ஓட்டி, நேற்றைய அளவோடு ஒப்பிட்டுப் பார்த்திருப்போம். சார்ட்டர் என்றால் வேலை இன்னும் கூடுதல். 70 அல்லது 100 மைக்ரான் வாயுள்ள நாசிலிலிருந்து இறங்கும் தாரை அதிர்ந்து துளிகளாக உடைகிறது, உங்கள் செல் இருக்கும் துளிக்கு மட்டும் மின்னூட்டம் ஏற்றி மின்தகடுகளால் ஒதுக்குகிறோம். செல் லேசரைக் கடந்த கணத்துக்கும் துளி உடையும் கணத்துக்கும் இடையிலான தாமதம் பிசகினால், பக்கத்துத் துளிக்கு மின்னூட்டம் போய்விடும். உங்கள் டியூப்பில் வேறு செல் விழும், உங்களுக்குத் தெரியவே தெரியாது. அந்தத் தாமதத்தைத் தினமும் சரிபார்க்கிறோம். செல்களைச் சூழ்ந்து ஓடும் ஷீத் திரவம், மணிகள், வடிகட்டிகள், ஏசி, யுபிஎஸ், கம்பெனிக்குக் கட்டும் ஆண்டுப் பராமரிப்புத் தொகை எல்லாம் நீங்கள் கொடுக்கும் அந்த மணிக்கட்டணத்திலிருந்தும் நிறுவனம் போடும் பணத்திலிருந்தும்தான் போகின்றன.

வடிகட்டாத மாதிரியை ஏற்றினால் ஒரு சிறு கட்டி போதும், நாசில் அடைத்துத் தாரை சாய்ந்து உள்ளே தெறிக்கும். பதப்படுத்தாத மனித ரத்தம் என்றால் கண்ணுக்குத் தெரியாத நுண்துளிகளாக அது காற்றில் மிதக்கும். எச்ஐவி, ஹெபடைடிஸ் பி விவரங்களைப் படிவத்தில் கேட்பது அந்த அறையில் மூச்சுவிடும் எல்லோருக்காகவும்தான். அதை நிரப்பச் சொன்னதற்கும் முகம் சுளிக்கிறார்கள்.

சொந்தக் கருவி பற்றி. ஒரு சார்ட்டர் சில கோடி ரூபாய். திட்ட நிதியில் வாங்கிவிடலாம் என்றே வைத்துக்கொள்ளுங்கள். உத்தரவாதக் காலம் முடியும், திட்டமும் முடியும், பராமரிப்புக்கு எந்தக் கணக்கிலும் பணம் இருக்காது. ஒரு பல்கலைக்கழகத்தில் நான் பயிற்சி வகுப்பு எடுக்கப் போனபோது அப்படி ஒன்றைப் பார்த்தேன். ஊதா லேசர் செத்துவிட்டது, மாற்றப் பணமில்லை, ஓட்டத் தெரிந்த மாணவி பட்டம் வாங்கிப் போய்விட்டாள். துணி போர்த்திப் பூட்டிவைத்திருந்தார்கள். அறைச் சாவி, கருவியை வாங்கியவரிடம். அதே ஊரில் வேறு ஆய்வகங்களின் பிள்ளைகள் ஐஸ் பெட்டியைத் தூக்கிக்கொண்டு பெங்களூருக்கு பஸ் ஏறிக்கொண்டிருந்தார்கள். எனக்கு வயிறு எரிந்தது.

இந்த வீண்செலவு தெரிந்துதான் 1970களிலேயே மத்திய அறிவியல் தொழில்நுட்பத் துறை சென்னை ஐஐடி, மும்பை ஐஐடி போன்ற இடங்களில் மண்டலக் கருவி மையங்களைத் தொடங்கியது. இன்று அவற்றை சைஃப் என்கிறோம். அமெரிக்காவின் தேசிய நலவாழ்வு நிறுவனங்கள், பலர் சேர்ந்து பயன்படுத்தும் கருவிகளுக்கென்றே 1982 முதல் தனி நிதி கொடுத்துவருகின்றன. பெங்களூரில் 2009-இல் சி-கேம்ப் என்ற, பொதுக் கருவிக்கூடங்கள் நடத்தும் மையம் வந்தது. 2020-இல் ஐ-ஸ்டெம் என்ற தேசிய இணையதளம் வந்தது. எந்த ஊரில் எந்தக் கருவி இருக்கிறது, கட்டணம் என்ன என்று அதில் பார்த்துப் பதிவு செய்யலாம். பகிர்ந்துகொண்டால்தான் வேலை நடக்கும் என்பதைத்தான் செல் சார்ட்டரின் வரலாறும் சொல்கிறது. 1965-இல் அமெரிக்காவின் லாஸ் அலமாஸ் ஆய்வகத்தில் மேக் ஃபுல்வைலர், மையைத் துளியாக்கி எழுதும் நுட்பத்தை எடுத்து செல்களைப் பிரித்தார். ஸ்டான்ஃபோர்டின் லெனார்ட் ஹெர்சன்பெர்க் அந்த வரைபடங்களை அங்கிருந்து கேட்டு வாங்கித்தான், ஒளிரும் செல்களைப் பிரிக்கும் தன் கருவியைத் தன் பொறியாளர்களோடு உருவாக்கினார்.

கேள்விக்குச் சம்பந்தமில்லை என்றாலும் இதையும் சொல்லிவிடுகிறேன். வெளியூரிலிருந்து வரும் பெண் பிள்ளைகளுக்குத் தங்க இடம் கொடுக்காத நிறுவனங்கள் எதற்குப் “பொதுக் கூடம்” என்று பலகை மாட்டுகின்றன? உயிருள்ள செல்களைத் தபாலில் அனுப்பமுடியாது, ஆளே வரவேண்டும். சார்ட்டிங் முடிய இரவு பத்தாகும். ஒருமுறை திருச்சிப் பக்கத்திலிருந்து வந்த மாணவிக்கு, துறைத் தலைவரின் கையெழுத்துள்ள அசல் கடிதம் இல்லை, மின்னஞ்சல் செல்லாது என்று விருந்தினர் விடுதியில் அறை மறுத்தார்கள். அறைகள் காலியாகவே இருந்தன. ரயில் நிலையத்தின் பெண்கள் காத்திருப்பு அறையில் இரவைக் கழிக்கிறேன் என்று கிளம்பியவளை என் வீட்டுக்கு அழைத்துப் போனேன். கோடி ரூபாய்க்குக் கருவி வாங்க முடிகிறவர்களுக்கு நாலு கட்டில் போட்டு ஒரு காவலாளி வைக்க முடியாதா?

எல்லாக் கூடங்களும் ஒழுங்காக நடக்கின்றன என்று நான் சாதிக்கவில்லை. பதிவு செய்த நேரத்தைத் தெரிந்தவர்களுக்கு மாற்றிக் கொடுப்பவர்கள் இருக்கிறார்கள். காரணம் சொல்லாமல் மறுப்பவர்களும் இருக்கிறார்கள். உங்களை மறுத்தவர், ஏன் என்று பத்து நிமிடம் உட்காரவைத்து விளக்காமல் அனுப்பியிருந்தால் அது அவருடைய தவறுதான். அதை எழுத்தில் கொடுங்கள். கேட்பதற்கு ஒவ்வொரு கூடத்திலும் பயனர் குழு என்று ஒன்று இருக்கவேண்டும்.

உங்கள் ஆய்வகம் தினந்தோறும் இரண்டு மூன்று நிறங்களில் எண்ணிக்கை மட்டும் பார்க்கிறது என்றால், செல்களைப் பிரிக்காமல் அளக்க மட்டும் செய்யும், மேசைமேல் வைக்கும் சிறிய அனலைசர் ஒன்றை இரண்டு மூன்று ஆய்வகங்கள் சேர்ந்து வாங்குவதில் நியாயம் இருக்கிறது. பராமரிப்புப் பணத்தை முதல் நாளே தனியாக எடுத்துவைக்கவேண்டும். சார்ட்டரை நினைக்கவே வேண்டாம்.

அடுத்த முறை ஆன்டிபாடி ஆர்டர் போடுவதற்கு முன்பே ஆபரேட்டருக்கு எழுதுங்கள். கருவியில் எந்த லேசர்கள் இருக்கின்றன, எந்தச் சாயங்கள் ஒன்றோடொன்று மோதாது என்று அவர் சொல்வார். நிறங்களை மாற்றவேண்டியிருந்தால் அப்போதே மாற்றிவிடலாம். சாயம் போடாத டியூப், ஒவ்வொரு சாயத்துக்கும் ஒரு டியூப், எல்லை வரையச் சந்தேகமான நிறத்துக்கு அது ஒன்றை மட்டும் விட்டு மற்றதெல்லாம் போட்ட டியூப், செத்த செல்களைக் காட்டும் சாயம், வடிகட்ட வலை, சார்ட் செய்த செல்களைப் பிடிக்க சீரம் கலந்த திரவத்தோடு டியூப்கள், இவை எல்லாம் பெட்டியில் இருக்கட்டும். ஸ்லாட்டுக்கு அரைமணி முன்பே வந்துவிடுங்கள். ஓட்டும்போது வெளியே போய் போனில் பேசாமல் பக்கத்தில் உட்காருங்கள், ஒவ்வொரு எல்லையும் ஏன் அங்கே வரையப்படுகிறது என்று கேளுங்கள். கேட்கும் மாணவர்களுக்காக நான் சாப்பாட்டு நேரத்தையும் விட்டுக்கொடுத்திருக்கிறேன். எங்களில் பலர் அப்படித்தான்.