பிடித்த மீனை விடுவதா, சட்டியில் போடுவதா?

தம்பி, மட்டக்களப்பின் களுவாஞ்சிக்குடி வாவிக்கரையில் வளர்ந்து, சுவிஸுக்கு வந்து சில மாதமே ஆன நீங்கள் கேட்டது இதுதான்: கனடாவில் இருக்கும் மச்சான் பெரிய மீனைப் பிடித்துப் படமெடுத்துவிட்டுத் திரும்ப ஏரியில் விடுகிறார், அதுதான் நாகரிகம் என்கிறார். இங்கேயும் விடத்தான் வேண்டுமா, வீட்டுக்குக் கொண்டுபோகலாமா?

கொண்டுபோகலாம். இங்கே குற்றம், விடுவதற்கென்றே பிடிப்பது. 2008 செப்டம்பரில் நடைமுறைக்கு வந்த விலங்குப் பாதுகாப்பு ஆணையின் 23ஆம் பிரிவு, திரும்ப விடும் எண்ணத்தோடு தூண்டில் போடுவதைத் தடை செய்கிறது. உயிர்மீனை இரையாகக் கொளுவுவதும், உயிருள்ள மீனை ஐஸில் போட்டுக் கொண்டுபோவதும் அதே பிரிவில் தடைதான். ஊரில் ஐஸ் பெட்டிக்குள் மீன் துடிப்பதை யாரும் குற்றமாகப் பார்ப்பதில்லை. அதனால் நம் ஆட்கள் இதில் எளிதாக மாட்டுப்படலாம்.

சட்டத்தின் நியாயம் எளியது. மீனுக்கு வலி தெரியாது என்ற பேச்சு இனி நிற்காது. 2003இல் லின் ஸ்னெடனும் கூட்டாளிகளும் ட்ரவுட் மீனின் முகத்திலும் உதட்டிலும் காயத்தை உணரும் நரம்பு முனைகள் இருப்பதைக் காட்டினார்கள். அங்கேதான் தூண்டில் முள் குத்துகிறது. உணவு ஒரு காரணம். படம் காரணமாகாது என்பதே என் முடிவும்.

மச்சானைக் குறை சொல்லவும் முடியாது. ஒன்ராறியோவில் மீன்பிடி உரிமம் இரண்டு வகை. குறைந்த எண்ணிக்கையை மட்டும் வைத்திருக்க அனுமதிக்கும் உரிமத்தை எடுத்தவர் மிச்சத்தை விட்டே ஆகவேண்டும். பிடிக்கும் பருவம் மூடியிருக்கும் மீன் தவறிச் சிக்கினாலும் உடனே விடவேண்டும். முட்டை அதிகம் இடுவது பெரிய பெட்டை மீன் என்பதால் அதை ஏரிக்குத் திருப்புவதற்கு அர்த்தம் உண்டு. வயதேறிய இரைகவ்வி மீன்களில் பாதரசமும் கூடுதலாகச் சேர்ந்திருக்கும்; சமைத்தாலும் அது போகாது. ஆனால் சாப்பிடும் எண்ணமே இல்லாமல் காலையிலிருந்து பின்னேரம் வரை குத்திக் குத்தி விடுவதை அதோடு சேர்த்து நியாயப்படுத்த முடியாது.

இனி உங்கள் விஷயம். சூரிச் ஏரி, துன் ஏரி, பீல் ஏரி போன்றவற்றின் கரையிலிருந்து ஒரு தூண்டில் தடி, ஒற்றை முள், மண்புழு போன்ற இயற்கை இரையோடு அனுமதிச்சீட்டு இல்லாமலே பிடிக்கலாம். எங்கே எது பொருந்தும் என்பதை அந்தந்த மாநில (கன்டோன்) மீன்பிடி இணையப் பக்கத்தில் பாருங்கள், ஏரிக்கு ஏரி மாறும். ஒரு மாதத்துக்கு மேற்பட்ட அனுமதி எடுக்க சானா எனும் தகைமைச் சான்று வேண்டும். ஒரு நாளுக்குள் முடியும் வகுப்பும் சிறு பரீட்சையும்தான். முள்ளின் நுனியில் பின்பக்கமாக நிற்கும் எதிர்முள் பொதுவாகத் தடை. அதைக் குறடால் நசுக்கிவிடுங்கள். மீன் கழன்று போகிறதென்றால் நூலைத் தளரவிடுகிறீர்கள் என்று அர்த்தம், முள்ளில் பிழையில்லை.

கரைக்குப் போகும்போது கைவலை, அளவு நாடா, நீண்ட மூக்குக் குறடு, கனமான குட்டைத் தடி, கூர்க்கத்தி ஐந்தும் எட்டும் தூரத்தில் இருக்கவேண்டும். மீன் சிக்கிய பிறகு கத்தியைத் தேடுவது கொடுமை.

கொல்லும் முறை முக்கியம், ஊர்ப் பழக்கத்தில் மாற்றவேண்டியதும் அதுதான். வாவியில் வீச்சுவலைக்காரரின் இடுப்புப் பறிக்குள் மணலை மீனைத் தானாகச் சாகட்டும் என்று விடுவார்கள். மூச்சடைத்துச் சாக நேரமெடுக்கும். இங்கே அது சட்டவிரோதம். மீனைத் தண்ணீரிலிருந்து எடுத்ததும் அளவைப் பாருங்கள். வைத்திருக்கக்கூடியது என்றால், முள்ளைக் கழற்றுவதற்கு முன்பே, கண்களுக்குச் சற்றுப் பின்னால் தலை உச்சியில் தடியால் ஓங்கி அடியுங்கள். பிறகு உடம்பை மெல்லப் பக்கவாட்டில் சரித்துப் பாருங்கள். உணர்வுள்ள மீனின் கண் நேர்நிலையைத் தேடி உருளும், மயங்கியதன் கண் உடம்போடு சேர்ந்தே திரும்பும். உருண்டால் உடனே இன்னொரு அடி. அடுத்து செவுளை அறுத்து இரத்தத்தை வடியவிடுங்கள். இறைச்சி வெள்ளையாக நிற்பதும், நாற்றம் குறைவதும் இதனால்தான்.

அளவு குறைந்ததையும் பருவம் மூடியதையும் விடவேண்டும், அது கட்டாயம். ட்ரவுட்டுக்குக் கூட்டாட்சி விதிக்கும் குறைந்தபட்சம் 22 செ.மீ., மாநிலங்கள் கூட்டியிருக்கும். விடுவதென்றால் கையை நனைத்துக்கொண்டு, முடிந்தால் தண்ணீருக்குள் வைத்தே முள்ளைக் கழற்றுங்கள். உலர்ந்த கை மீனின் வழுவழுப்பை உரித்துவிடும், சில நாளில் பூஞ்சணம் பிடித்துச் சாகவும் கூடும். முள்ளை விழுங்கியிருந்தால் இழுக்காதீர்கள், வாயோரம் நூலை வெட்டிவிடுங்கள். சிறிய முள்ளைத்தான் சிறுமீன் ஆழமாக விழுங்கும். ஒரு அளவு பெரிய முள் போட்டால் இந்தப் பிரச்சினையில் பாதி வராது. எக்லி மீனின் காற்றுப்பைக்கு வெளியே திறக்கும் குழாய் இல்லை. பத்து மீட்டருக்குக் கீழிருந்து வேகமாக ஏற்றினால் பை ஊதி, இரைப்பை வாய்க்குள் தள்ளும். அதை விட்டாலும் பெரும்பாலும் பிழைக்காது. ஆகவே சிறிய எக்லி நிற்கும் ஆழத்தில் தொடர்ந்து போடாதீர்கள், இடத்தை மாற்றுங்கள். கோடையில் தண்ணீர் 20 பாகைக்கு மேல் சூடானால் ட்ரவுட்டைத் தேடியே போகவேண்டாம்.

பலர் யோசிக்காத ஒன்றும் உண்டு. வீட்டுக்குத் தேவையானது கிடைத்துவிட்டால் தூண்டிலைச் சுருட்டவேண்டும். அதற்குப் பிறகு போடும் ஒவ்வொரு வீச்சும் விடுவதற்கான வீச்சுத்தான். கூடையை நிரப்பி உறவினர் வீடுவீடாகக் கொடுக்கும் ஊர்ப் பெருமையும் இங்கே செல்லாது. நாளொன்றுக்கான எண்ணிக்கை வரம்பு பல மீன்களுக்கு உண்டு. வாவியிலும் அந்தக் கணக்கு வேண்டும் என்பேன். தங்கூசி வலை எனும் ஒற்றை இழை நைலான் வலை இலங்கையில் தடைசெய்யப்பட்டதற்கு, குஞ்சையும் கிழட்டையும் ஒன்றாக வாரியதும் ஒரு காரணம்.

எதைப் பிடிப்பது என்றால், ஷ்வாலே எனும் சிவந்த கண் வெள்ளி மீனைத்தான் முதலில் சொல்வேன். இங்குள்ளவர்கள் முள் அதிகமென்று தொடுவதில்லை, பல ஏரிகளில் தாராளமாக உண்டு. இரண்டு பக்கமும் சில மில்லிமீட்டர் இடைவெளியில் தோலோடு கீறி, மஞ்சள், உப்பு, மிளகாய்த்தூள் பூசி, எண்ணெயில் மொறுமொறுப்பாகப் பொரித்தால் சிறுமுள் தெரியாது. ஹெக்ட் மீனில் இரட்டைக் கிளை முள் இருக்கும், அவித்து உதிர்த்துக் கட்லட்டுக்கு எடுங்கள். ஃபெல்ஷன் மீனின் இறைச்சி மென்மை. குழம்பு கொதித்து இறக்கும் நேரத்தில் போட்டு, அகப்பை போட்டுக் கிளறாமல் சட்டியைச் சுழற்றினால் உடையாது.