ஏ, பி போதாதா?

கேள்வி: குறியாக்கம், அதாவது செய்தியைப் பிறர் படிக்க முடியாதபடி மாற்றி எழுதுவது, பற்றி எதைப் படித்தாலும் ஆலிஸ் பாபுக்குச் செய்தி அனுப்புகிறாள், ஈவ் ஒட்டுக்கேட்கிறாள். பெரியவர்களுக்கு எதற்கு இந்தப் பொம்மைக் கதை? ஏ, பி என்று எழுதினால் ஆகாதா?

பதில்: ஆகாது. எழுதிப் பாருங்கள்: 'ஏ அனுப்பிய செய்தியை பி அதன் சாவியால் திறந்தது.' ஏ, பி, செய்தி மூன்றுமே அஃறிணை. எதன் சாவி? 'பூட்டினாள், திறந்தான்' என்றால் தமிழில் வினைமுற்றே ஆளைக் காட்டிவிடும். 1978-ல் ரிவெஸ்ட், ஷமீர், ஏடில்மேன் மூவரும் தங்கள் குறியாக்கக் கட்டுரையில் ஏ, பி என்ற எழுத்துகளுக்குத்தான் ஆலிஸ், பாப் என்று பெயர் வைத்தார்கள்.

இது வசதி. இதைவிடப் பெரிய வேலையையும் அந்தப் பெயர்கள் செய்கின்றன. ஈவுக்குக் காது மட்டும்தான். இந்தக் கதைகளில் வரும் இன்னொரு எதிரி மாலரி. அவன் செய்தியை மறிப்பான், மாற்றுவான், ஆள்மாறாட்டம் செய்வான். 1976-ல் வந்த டிஃபி–ஹெல்மன் முறையில் ஆலிஸும் பாபும் எல்லோர் காதிலும் விழும்படி எண்களைப் பரிமாறிக்கொண்டே, இருவருக்கு மட்டும் தெரிந்த ஒரு ரகசிய எண்ணை எட்டுகிறார்கள். அத்தனையையும் ஈவ் குறித்துக்கொள்ளட்டும். எண்கள் போதிய அளவு பெரியவையானால் இன்றைய கணினிகளை வைத்து அவளால் ரகசியத்தை எடுக்க முடியாது. அதே இடத்தில் மாலரியை நிறுத்துங்கள். ஆலிஸிடம் 'நான்தான் பாப்' என்று தன் எண்ணைக் கொடுப்பான். பாபிடம் 'நான்தான் ஆலிஸ்' என்பான். இருவரும் அவனோடு தனித்தனியே ரகசியம் வைத்துக்கொண்டு, தங்களுக்குள் பேசுவதாக நம்புவார்கள். சூத்திரத்தில் ஓர் எழுத்தும் மாறவில்லை. ஆனால் பாதுகாப்பு போயிற்று. யாராவது 'இது பாதுகாப்பானது' என்றால், 'யாரிடமிருந்து?' என்று கேட்க எனக்குக் கற்றுக்கொடுத்தவர்கள் ஈவும் மாலரியும்தான்.

இயற்பியலிலும் இப்படி ஒருவர் உண்டு. வேகமான மூலக்கூறுகளை ஒரு பக்கமும் மெதுவானவற்றை மறுபக்கமும் பிரித்துவிடும் ஒரு குட்டி உயிரை 1867-ல் மேக்ஸ்வெல் கடிதமொன்றில் கற்பனை செய்தார். அதற்குப் பூதம் என்று பெயரிட்டவர் இயற்பியலாளர் கெல்வின். வெப்பம் தானாகக் குளிர்ந்த பக்கத்திலிருந்து சூடான பக்கத்துக்குப் போகாது என்ற விதியை அந்தப் பூதம் செலவில்லாமல் மீறுவதுபோல் தோன்றியது. பார்த்துப் பிரிக்க ஓர் ஆள் இருந்ததால்தான், பார்த்ததை அது எங்கே நினைவில் வைக்கும், நினைவு நிரம்பினால் என்ன செய்யும் என்றெல்லாம் கேட்கத் தோன்றியது. நினைவை அழித்தால் வெப்பம் வெளியாகியே தீரும் என்று 1961-ல் லாண்டவர் சொன்னார். அதை வைத்து 1982-ல் பென்னெட் பூதத்தின் கணக்கை நேர் செய்தார்: நினைவை அழிக்கும் செலவையும் சேர்த்தால் விதி மீறப்படவில்லை.

ஓரிடத்தில் உங்களோடு உடன்படுகிறேன். ஈவால் என்ன முடியும், என்ன முடியாது என்று முதலிலேயே சொல்லாமல் அவளை உள்ளே விடும் கட்டுரைகள் இங்கும் வருகின்றன. அவற்றைத் திருப்பி அனுப்பிக்கொண்டுதான் இருக்கிறேன்.