‘நாலெட்ஜபிள்’ என்றால் புத்திசாலியா?

கேள்வி: பி.காம். முடித்திருக்கிறேன். பிரவுசிங் சென்டரில் 300 ரூபாய் கொடுத்து பயோடேட்டா போட்டேன். ‘ஐ ஆம் எ நாலெட்ஜபிள் பெர்சன்’ என்று அடித்துக் கொடுத்தார்கள். இன்டர்வியூவில் அந்தச் சொல்லுக்கு அர்த்தம் கேட்டார்கள். ‘புத்திசாலி’ என்றேன். சிரித்துவிட்டு அடுத்த ஆளைக் கூப்பிட்டார்கள். நான் சொன்னது தப்பா?

பதில்: தப்புதான் அம்மா. ஆனால் உங்கள் பங்கு அதில் கொஞ்சம்தான்.

புத்திசாலிக்கு ‘இன்டெலிஜென்ட்’ என்று தனிச்சொல் இருக்கிறது. நாலெட்ஜபிள் என்பது ஒரு விஷயத்தைப் பற்றி நிறையத் தெரிந்து வைத்திருப்பது. ‘விவரம் தெரிந்தவர்’ என்கிறோமே, அதுதான். மூன்று வயதுக் குழந்தை புத்திசாலியாக இருக்கலாம், நாலெட்ஜபிளாக இருக்காது. நாற்பது வருஷமாக விதைக்கடை வைத்திருப்பவர் நெல் ரகங்களைப் பற்றி நாலெட்ஜபிள். அந்தப் ‘பற்றி’க்கு ஆங்கிலத்தில் ‘அபவுட்’ போடுங்கள், போதும்.

தமிழில் ‘அறிவு’ என்ற ஒரே சொல் இரண்டுக்கும் வருகிறது. கைடுகளில் ‘அறிவுள்ள’ என்று ஒற்றை அர்த்தம் போட்டுவிட்டுப் போய்விடுகிறார்கள். பன்னிரண்டாம் வகுப்புப் பரீட்சையில் நான்கு விடைகளில் ஒன்றைத் தேர்ந்தெடுத்தால் மார்க் வந்துவிடும். அந்தச் சொல்லை வைத்து ஒரு வாக்கியம் பேசு என்று பிள்ளையை யாரும் நிற்க வைத்துக் கேட்பதில்லை. பன்னிரண்டு வருஷம் ஆங்கிலம் படித்த பிள்ளை கடைசியில் இன்டர்வியூ அறையில் தலைகுனிந்து நிற்கிறது. எனக்கு இதில் ஆறாத கோபம்.

ஸ்பெல்லிங்கிலும் ஒரு வழுக்கல் இருக்கிறது. ‘லவ்’ உடன் ‘ஏபிள்’ சேர்ந்தால் கடைசி எழுத்து ‘இ’ உதிர்ந்துவிடும். இங்கே உதிரக் கூடாது. ஆங்கிலத்தில் ‘ஜி’க்கு அடுத்து நேராக ‘ஏ’ வந்தால் பெரும்பாலும் ‘க’ ஒலிதான் வரும். படகு போகக்கூடிய ஆற்றை ‘நேவிகபிள்’ என்பார்கள், எழுதிப் பாருங்கள்: ஜி, ஏ. நமக்கு வேண்டியது ‘ஜ’ ஒலி. அதனால் நடுவில் ‘இ’ நின்றே ஆக வேண்டும்: ஜி, இ, ஏ, பி, எல், இ. மேனேஜபிள், சேஞ்சபிள் இரண்டும் இதே கணக்குதான். ‘நோட்டீசபிள்’ என்பதிலும் ‘சி’ எழுத்து ‘க’வாக மாறாமல் இருக்கத்தான் ‘இ’ நிற்கிறது.

இனி அந்த 300 ரூபாய்க்கு வருகிறேன். பயோடேட்டா போட்டுத் தருகிறோம் என்கிற பல இடங்களில் ஒரே ஃபைல்தான் சுற்றுகிறது. ‘ஹார்டு வொர்க்கிங், சின்சியர், நாலெட்ஜபிள்’ என்ற மூன்றும் எல்லார் தாளிலும் இருக்கும். என்னிடம் திருத்தக் கொண்டுவந்த ஒரு பையனின் பயோடேட்டாவில் வேறு யாரோ ஒருவரின் அப்பா பெயர் இருந்தது. அதோடு எட்டு கம்பெனிக்கு அனுப்பியிருந்தான். முப்பது நாளில் ஆங்கிலம் என்று சொல்லி, கனமான சொற்களைப் பட்டியல் போட்டு விற்பவர்களிடமும் காசு கொடுக்காதீர்கள். பெரிய சொல் வேலை வாங்கித் தராது.

நாலெட்ஜபிள் என்பது பிறர் நம்மைப் பார்த்துச் சொல்ல வேண்டிய சொல். நீங்கள் இப்படி எழுதுங்கள்: ‘ஐ ஹேவ் எ வொர்க்கிங் நாலெட்ஜ் ஆஃப் டேலி’. வேலையை ஓட்டும் அளவுக்கு டேலி என்ற கணக்கு சாஃப்ட்வேர் தெரியும் என்று பொருள். நடுவில் உள்ள ‘எ’யை விட்டுவிடாதீர்கள். ‘நாலெட்ஜஸ்’ என்று பன்மை கிடையாது. அதற்குக் கீழே, செய்த வேலையைச் சொல்லுங்கள்: எத்தனை மாதம் பர்ச்சேஸ் பில் என்ட்ரி போட்டீர்கள், ஜிஎஸ்டிஆர்-1 (ஜிஎஸ்டிக்குக் காட்டும் விற்பனைக் கணக்கு) தயார் செய்திருக்கிறீர்களா என்று. கேள்வி கேட்பவர் அதைப் பிடித்துக்கொண்டுதான் பேசுவார். அங்கே உங்களுக்குப் பதில் இருக்கும்.

முதலில் வெள்ளைத்தாளில் உங்கள் கையால் எழுதுங்கள். அடிப்பதற்கு மட்டும் சென்டருக்குப் போங்கள். பெயர், அப்பா பெயர், போன் நம்பர் மூன்றையும் விரல் வைத்துப் படித்துப் பார்த்த பிறகு காசு கொடுங்கள்.