வீட்டில் கட்டும் விமானத்தின் இறக்கைக்குள் குழாய்களை எப்படிக் கொண்டுபோவது?

இறக்கையின் தோலை (வெளித் தகட்டை) மூடுமுன், காற்றழுத்தத்தை வேகமானிக்குக் கொண்டுசெல்லும் பிட்டோ குழாயையும், வயர்கள் ஓடும் பாதுகாப்புக் குழாயான கண்டியூட்டையும் எந்த வழியில் விடுவது என்று கேட்டிருக்கிறீர்கள். இப்போதே கேட்டது நல்லது. ரிவெட் அடித்து முடித்தபின் பல இடங்களில் கை நுழையாது.

ரிப்பில் (இறக்கைக்கு வடிவம் தரும் குறுக்குச் சட்டம்) ஏற்கெனவே துளை இருந்தால் அதையே பயன்படுத்துங்கள். புதிதாகப் போடுவதென்றால் விளிம்புகளை விட்டு விலகி, வரைபடம் அனுமதிக்கும் இடத்தில் மட்டும். வடிவமைத்தவரைக் கேட்காமல் ஸ்பாரில் (பளுவைத் தாங்கும் முதன்மை நீளச் சட்டம்) துளையிடவே வேண்டாம். ஒவ்வொரு துளைக்கும் பிளாஸ்டிக் புஷ் (துளை விளிம்பை மூடும் வளையம்) கட்டாயம். அதிர்வில் தகட்டு விளிம்பு குழாயைக் கத்தி போல அறுத்துவிடும்.

பிட்டோவுக்குப் பெரும்பாலும் 1/4 அங்குலக் குழாய் போதும். அது எங்கும் தொய்ந்து பள்ளமாகக் கூடாது. அங்கே நீர் தேங்கி அடைத்தால் வேகமானி தவறான வேகத்தைக் காட்டும், உறைந்தால் இன்னும் மோசம். தாழ்ந்த புள்ளி தவிர்க்க முடியாததென்றால் அங்கே ஒரு வடிகால் வையுங்கள். ஹீட்டர் உள்ள பிட்டோவில் முதல் சில அங்குலங்கள் உலோகக் குழாயாகவே இருக்கட்டும்; நைலான் அந்தச் சூட்டில் இளகும்.

கண்டியூட்டுக்கு இலேசான நெளி பிளாஸ்டிக் குழாய் நல்லது. உள்ளே ஒரு இழுகயிறு விட்டு வையுங்கள், பின்னால் வயர் சேர்க்க உதவும். கண்டியூட்டை ஒட்ட, புளிக்காடி வாசம் வரும் சிலிக்கான் வேண்டாம். அது அலுமினியத்தை அரிக்கும். அப்புறம் எய்லரானை (இறக்கையின் பின்விளிம்பில் அசையும் மடல்) முழு வீச்சுக்கு இருபுறமும் அசைத்து, அதை இயக்கும் தள்ளுதண்டு எதிலும் உரசவில்லை என்று கண்ணால் பாருங்கள்.

கடைசியாக, தோலை மூடுமுன் பிட்டோ வழியில் கசிவுச் சோதனை செய்துவிடுங்கள்.